கடல்மேற் சென்ற இருப்புப் பாதை

பொருளீட்டுதல் அரிது; ஈட்டியதை ஒரு பெருங்காரியத்திற் செலவிடுதல் அதனினும் அரிது. அமெரிக்க தேசத்துத் தனவந்தர் ஹென்றி பிளாக்லர் என்பாரின் சரித்திரம் இதற்குத் தக்க சான்றாதலின், அதனை ஈண்டுச் சுருங்க உரைக்கின்றோம்.

இவர் 1830-ம் ஆண்டில் ஓர் ஏழைப் பாதிரியாருக்கு மகனாய்ப் பிறந்தார். 14-ம் வயதிற் படிப்பை விடுத்துக் கடைச் சிப்பந்தியாய் அமர்ந்தார். 1870-ல் ராக்பெல்லர் முதலியோருடன் கூடி ஸ்டாண்டர்டு எண்ணெய்க் கம்பெனியைத் தாபித்துக் கோடீசுவரரானார். பின்னர் பிளாரிடா மாகாணத்தின் கீழ்க்கடலோரத்தில் பெரிய விடுதிகளையும் இருப்புப் பாதையையும் அமைத்து, 1896-ல் மயாமி வரை ரயிலைக் கொணர்ந்தார்.

பனாமாக் கால்வாய் வெட்டப்படுவதையறிந்து, அதற்கு அணித்தான கீ வெஸ்ட் துறைமுகம் வரை பாதையை நீட்டத் துணிந்தார். இடையே சிறு தீவுகளும் அலைகடலுமே கிடந்தன. "பிளாக்லரின் பித்து" என நகைத்தோர் பலர். 1905-ல் வேலை தொடங்கிற்று. ஒரே காலத்தில் 4,000 பேர் வரை உழைத்தனர். அவர்கள் பருகும் நீரும் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1906-ம் ஆண்டுப் புயலில் 100-க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். 1909, 1910-ம் ஆண்டுகளிலும் புயல்கள் மோதின. எனினும் வேலை நிற்கவில்லை. ஏழு மைல் பாலம் முதலிய பாலங்கள் எழுந்தன. 1912-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, கண்ணொளி மங்கிய 82 வயது முதியவராய் பிளாக்லர் ரயிலேறிக் கீ வெஸ்ட் சேர்ந்தார். மறு ஆண்டே காலமானார்.

அவர் எதிர்பார்த்த வாணிகமோ பெருகவில்லை. 1935-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி வீசிய கொடும்புயலில் 400-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களை மீட்கச் சென்ற ரயிலின் பெட்டிகளையும் கடல் கவிழ்த்தது. பாதை பல மைல் அழிந்தது. ரயில் மீண்டும் ஓடவில்லை. ஆயினும் பாலங்கள் பெரிதும் நிலைத்து நின்றமையின், மாகாண அரசாங்கத்தார் பாதையை வாங்கி, 1938-ல் அவற்றின்மேல் மோட்டார் சாலை அமைத்தனர். 1982-ல் புதிய ஏழு மைல் பாலம் திறக்கப்பட்ட பின்பும் பழையதை முற்றும் இடித்திலர். அதில் ஒரு பகுதி செப்பனிடப்பெற்று, 2022-ல் நடைபாதையாகத் திறக்கப்பட்டது. அது சென்று சேரும் பிஜன் கீ என்னும் சிறு தீவில், பாலம் கட்டிய தொழிலாளர் தங்கிய குடியிருப்புகள் காக்கப்பட்டு வருகின்றன. பிளாக்லரின் மாளிகையும் அவருடைய சொந்த ரயில் பெட்டியும் பாம் பீச் நகரில் காட்சிக்கு உள்ளன.

அன்பர்களே, மாளிகையைக் காப்பது யாவர்க்கும் இயல்பு. கூலியாள் துயின்ற குடிலையும் காப்பதன்றோ நன்றியுணர்ச்சி! நம்மவர் எழுப்பிய சத்திரங்களிலும் பாடசாலைகளிலும் உபயகாரர் பெயர் கல்லில் விளங்குகின்றது. அக்கல்லைச் சுமந்தவர் பெயரை நாம் எங்கே பொறித்தோம்? முதியோர் நினைவிலுள்ள பெயர்களையேனும் இன்றே கேட்டெழுதி வைப்போமாக.