வட ஆர்க்காட்டில் காத்திருந்தோர்: அரசு, மிஷன், தனியார் மருத்துவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தமிழகத்தில் மருத்துவ அருட்பணியின் வரலாறு பெரும்பாலும் மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நிறுவியவர் யார், கட்டடம் எந்த ஆண்டில் எழும்பியது, எத்தனை படுக்கைகள் இருந்தன என்பவற்றை நம் திருச்சபை வரலாற்று நூல்கள் விவரமாகச் சொல்கின்றன. தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அவை அதிகம் சொல்வதில்லை. மருத்துவரைக் காணுமுன் எவரும் காத்திருந்தே தீரவேண்டியிருந்தது. மக்கள் எங்கே, எவ்வளவு நேரம் காத்திருந்தனர், எந்தக் கட்டத்தில் எழுந்து பணம் கொடுக்கும் மருத்துவத்தை நாடிச் சென்றனர் என்னும் கேள்விகளைத் திருவண்ணாமலை வட்டாரத்தை முன்வைத்து இங்கு ஆராய முற்படுகிறோம்.

திருவண்ணாமலை பெயர்பெற்ற கோயில் நகரம். கார்த்திகைத் தீபத்திற்கும் பௌர்ணமி கிரிவலத்திற்கும் இலட்சக்கணக்கானோர் அங்கே கூடுகின்றனர். ஆனால் ஆட்சி அமைப்பில் அது நெடுங்காலம் ஓர் ஓரத்து ஊராகவே இருந்தது. 1911 வரை அது தென் ஆர்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டம், தலைநகரம் கடலூர். அதன்பின் வட ஆர்க்காட்டுடன் சேர்க்கப்பட்டது, தலைநகரம் வேலூர். 1989இல்தான் தனி மாவட்டத்தின் தலைநகரானது. மருத்துவ வரலாற்றில் இது சிறிய செய்தியன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனை என்பது மாவட்டத் தலைநகரில் அமைவது. எனவே கடினமான நோய் எதுவாயினும் திருவண்ணாமலையின் அரசு மருத்துவமனையிலிருந்து வேலூருக்குச் சீட்டு எழுதப்பட்டது. வேலூர் ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவிலுள்ளது. ஜவ்வாது மலையின் ஊர்களிலிருந்து வருவோருக்கு மலையிறங்கிச் சமவெளியை அடைவதே ஒரு பயணம். அதன்பின்தான் பேருந்தும் இரயிலும் வரிசையும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியின் மக்கள் நாட்டு வைத்தியர்களையும் மருத்துவச்சிகளையுமே நம்பியிருந்தனர். ஆங்கில மருத்துவம் இங்கு வேரூன்றியதில் மிஷன்களின் பங்கு பெரிது. அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஆர்க்காடு மிஷன் 1853இல் அமைக்கப்பட்டது. 1866இல் டாக்டர் சைலஸ் ஸ்கடர் இராணிப்பேட்டையில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் 1860களில் தென் ஆர்க்காட்டில் பணியைத் தொடங்கிப் பின்னர் திருவண்ணாமலையிலும் நிலைகொண்டது. அங்கிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவிலுள்ள திருக்கோவிலூரில் அது ஒரு மருத்துவமனையை நடத்தியது. 1902இல் வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி அங்கே தொடங்கியது. அதுவே இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி.

மிஷன் மருந்தகங்களில் காத்திருக்கும் நேரத்திற்கு ஒரு பயன் கண்டுபிடிக்கப்பட்டது. காலையில் கூடிய நோயாளிகளுக்கு உபதேசியாரோ வேதாகமப் பெண்ணோ திருமறையை வாசித்து, விளக்கி, ஜெபிப்பது வழக்கம். பின்னரே மருத்துவர் ஒவ்வொருவராகப் பார்ப்பார். ஜாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்து பழகியவர்கள் ஒரே தாழ்வாரத்தில் உட்கார்ந்து, வந்த முறைப்படி அழைக்கப்பட்டனர் என்பது அக்காலத்தில் பெரிய மாறுதலே. இதை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். அதே வேளையில், மருந்துக்காக எழுந்துபோக முடியாமல் உட்கார்ந்திருப்பவர்க்குச் செய்யும் பிரசங்கத்தை எந்த அளவுக்கு மனமுவந்து கேட்டதாகக் கொள்வது என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. மிஷன் அறிக்கைகள் கேட்டோரின் எண்ணிக்கையை எழுதின. அவர்கள் என்ன நினைத்தனர் என்பது எழுதப்படவில்லை.

ஐடா அம்மையாரின் சாலையோர மருத்துவம் வேறு வகையானது. முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் குடியாத்தம் சாலை வழியே குறிப்பிட்ட நாளில் சென்று, மரத்தடிகளில் கூடியிருந்தோருக்கு மருத்துவம் செய்தார். அங்கும் மக்கள் காத்திருந்தனர். ஆனால் வழியின் பெரும்பகுதியை மருத்துவர் கடந்துவந்தார்.

அரசின் பக்கம் திரும்புவோம். 1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அதன் உறுப்பினருள் ஒருவர். அக்குழு கண்ட நிலை இது: 6,300 பேருக்கு ஒரு மருத்துவர், ஆயிரம் பேருக்கு 0.24 படுக்கை, அதாவது கால் படுக்கைகூட இல்லை. இங்கிலாந்தில் அது ஏழுக்கு மேல். மருந்தகங்களில் ஒரு நோயாளிக்குக் கிடைத்த நேரம் ஒரு நிமிட அளவே என்பதையும் குழு கண்டது. பணம் இல்லை என்ற காரணத்தால் எவரும் மருத்துவம் பெறாமற் போகலாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. 1950களில் எழுந்த ஆரம்ப சுகாதார நிலையங்கள் இதன் விளைவே. ஆனால் 1961இல் முதலியார் தலைமையில் அமைந்த இன்னொரு குழுவே, புதிய நிலையங்களைப் பெருக்குமுன் இருப்பவற்றைச் செம்மைப்படுத்த வேண்டும் என்று கூற நேர்ந்தது. பதினைந்தே ஆண்டுகளில் கொள்கைக்கும் நடைமுறைக்கும் இடையே அவ்வளவு தூரம் விழுந்துவிட்டது.

இந்தத் தூரத்தை மக்கள் அளந்தது வரிசையில் நின்றுதான். இங்கிலாந்தில் 1948இல் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபின், அறுவைச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் அந்நாட்டு அரசியலில் ஓயாத விவாதமாயிற்று. ஆயினும் அங்கே காத்திருப்பது பட்டியலில் உள்ள பெயர். ஆள் வீட்டிலோ வேலையிலோ இருப்பார். நம் நாட்டிலோ உடம்பே வந்து நிற்க வேண்டும். முதல் பேருந்தில் வந்து ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவருக்கு ஒரு வரிசை, இரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. நண்பகலுக்குள் முடியாவிட்டால் மறுநாள். முடிவைக் காட்ட இன்னொரு நாள். துணைக்கு வந்தவரின் கூலியும் சேர்த்து இழக்கப்படுகிறது. இலவச மருத்துவத்தின் விலை இதுதான். எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

தனியார் மருத்துவம் எதை விற்றது என்பதை இங்கே காண்கிறோம். தனியார் கிளினிக் மாலையில் திறக்கிறது. அதாவது கூலிவேலை முடிந்தபின். அங்கு முதன்மையாக விற்கப்படுவது நேரம். திறமையை அதற்கு அடுத்துத்தான் சொல்லவேண்டும். ஏனெனில் தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணிநேரத்திற்குப்பின் தனியாக மருத்துவம் செய்ய அனுமதி உண்டு. காலையில் வரிசையின் முடிவில் இருந்தவரே மாலையில் கட்டணத்திற்குக் கிடைத்தார். அதற்கும் வசதியற்றோர் பட்டம் இல்லாமல் ஊசி போடுவோரிடம் சென்றனர். உடனே ஊசி, உடனே வேலை, நாள் பறிபோகாது. பாமரரின் அறியாமை என்று படித்தவர்கள் இதை எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் கருத்தில் அது சரியான கணக்கே; கணக்கில் நோய் மட்டும் தவறிவிடுகிறது. தவறிய நோய் முற்றியபின் நர்சிங் ஹோம், அடகுவைத்த நகை, வட்டி, நிலம் என்று செலவு வளர்கிறது. மாற்கு நற்செய்தியில் வரும் பெரும்பாடுள்ள பெண் பல வைத்தியரிடம் தன் ஆஸ்தியெல்லாம் செலவழித்தும் குணமடையாதவள். லூக்காவின் மிகப் பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் அந்தச் செலவைப் பற்றிய சொற்கள் காணப்படுவதில்லை. லூக்கா தாமே வைத்தியராதலால் தம் தொழிலினரைக் காப்பாற்றினார் என்று சிலர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. மாற்கு காப்பாற்றவில்லை.

தேசிய மாதிரி ஆய்வுகள் இந்த நகர்வைக் காட்டுகின்றன. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்ற இந்தியக் கிராமப்புற நோயாளிகளில் அரசு மருத்துவமனையை நாடியோர் 1986-87இல் நூற்றுக்கு 60, 1995-96இல் 45, 2004இல் 42. இருபது ஆண்டுகளுக்குள் பெரும்பான்மை சிறுபான்மையாயிற்று. தமிழகத்தில் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் பெரிய தனியார் மருத்துவமனைகளும் எழுந்த காலம் இதுவே. அவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டு, அதற்கான விதிகள் 2018இல்தான் வந்தன. இந்த நகர்வு விதி என்று கொள்ளவும் இடமில்லை. 1995இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இயங்கத் தொடங்கியபின் அரசு மருத்துவமனைகளில் மருந்துத் தட்டுப்பாடு பெரிதும் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவும் பகலும் பிரசவம் பார்க்க ஏற்பாடு வந்தபின் தாய்மார் அங்கே திரும்பினர். இன்று இம்மாநிலப் பிரசவங்களில் பாதிக்கு மேற்பட்டவை அரசு நிலையங்களிலேயே நடைபெறுகின்றன. போனால் ஆள் இருப்பார் என்று தெரிந்த இடத்திற்கு மக்கள் போகவே செய்கின்றனர்.

மிஷன் மருத்துவமனைகள் இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வாசலாக இருந்தன. இலாபம் நோக்காதவை; அதே வேளையில் அரசுக்குரியவையும் அல்ல. இந்திய விடுதலைக்குப்பின் மிஷனெரி மருத்துவர்கள் குறைந்தனர். வெளிநாட்டு நிதியும் குறைந்தது. கருவிகளின் விலையோ ஏறியது. கட்டணத்தை உயர்த்துவது அல்லது மூடுவது என்ற நிலை பல மருத்துவமனைகளுக்கு வந்தது. 1964இல் ஜெர்மனியிலுள்ள டூபிங்கனில் கூடிய ஆலோசனைக் கூட்டம், குணமாக்கும் ஊழியம் மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று, சபை முழுமைக்கும் உரியது என்று வற்புறுத்தியது. 1968இல் உலகத் திருச்சபைகள் மன்றம் அமைத்த கிறிஸ்தவ மருத்துவ ஆணைக்குழு, திருச்சபைகளின் மருத்துவப் பணி கட்டடங்களிலேயே முடங்கிக் கிடப்பதைச் சுட்டிக்காட்டியது. 1978ஆம் ஆண்டு அல்மா ஆட்டா அறிக்கையின் பின்னணியில் இச்சிந்தனைக்கும் இடமுண்டு. வேலூர்க் கல்லூரி 1977இல் கே.வி. குப்பத்தில் தொடங்கிய கிராமப் பணி இதே திசையில் எடுத்த அடி. ஆனால் பெரும்பாலான சபைகளில் டூபிங்கன் ஒரு பாடப்பொருளாகவே நின்றுவிட்டது.

வேலூரிலும் வரிசை நீண்டது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நாள்தோறும் மக்கள் வந்து குவியும் இடம் அது. பொதுப் பிரிவு, தனிப் பிரிவு என்று இருவகைச் சீட்டுகள் உண்டு. வசதியுள்ளோரின் கட்டணத்தைக்கொண்டு ஏழைகளுக்குச் சலுகை அளிக்கும் முறை அது. அதில் நியாயம் உண்டு. எனினும் திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயத் தொழிலாளியின் கண்ணுக்கு இதுவும் பணம் கட்டும் மருத்துவமனையே. மிஷன், தனியார் என்று நாம் செய்யும் வேறுபாடு அவருடைய பேச்சில் இல்லை.

இங்கேதான் ஆயர் வருகிறார். மிஷன் மருத்துவமனைக்குப் போகுமுன் சபையாரில் பலர் ஆயரிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் கேட்பது நாம் அனைவரும் அறிந்ததே. கட்டணச் சலுகைக்காக எழுதும் கடிதம் ஒன்று. சீக்கிரம் பார்க்கச் சொல்லி எழுதும் கடிதம் மற்றொன்று. முன்னது ஏழ்மைக்குச் சாட்சி. பின்னதன் பொருள் வேறு. அது ஒருவரின் காத்திருப்பைக் குறைத்து, முகமறியாத இன்னொருவரின் காத்திருப்பைக் கூட்டுகிறது. நம் ஊர்ப் பேச்சில் மருத்துவமனை என்றதும் எழும் முதல் கேள்வி, “அங்கே உங்களுக்கு ஆள் இருக்கிறதா?” என்பது. பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் வியாதியாயிருந்தவன் இயேசுவிடம் முறையிட்டதும் இதையே: தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை, தான் போவதற்குள் வேறொருவன் முந்திவிடுகிறான். விளக்கவுரைகள் அவனுடைய விசுவாசக் குறைவைப் பற்றி நிறையப் பேசியுள்ளன. அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவர்களுக்கு அவன் சொன்னது முறையீடாகத் தோன்றாது. அது வெறும் தகவல். பணம் அல்லது ஆள், இவ்விரண்டில் ஒன்றால்தான் காத்திருப்பு குறைகிறது. இரண்டும் இல்லாதோருக்காகத் தொடங்கப்பட்ட வாசலில், ஆயரின் முத்திரையிட்ட தாள் சிலருக்கு ஆளாக மாறியது. மறுக்கும் ஆயரைச் சபை மன்னிப்பதும் எளிதன்று என்பதை அறிவோம்.

2009இல் தமிழக அரசு உயிர்காக்கும் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு குடும்பத்திற்கு 1 இலட்சம் ரூபாய் வரை. பின்னர் அது 5 இலட்சமாக உயர்ந்தது. அரசின் பணத்தில் தனியார் மருத்துவமனைக்குப் போகும் வழி இவ்வாறு திறந்தது. இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2004-05இல் நூற்றுக்கு 69, 2021-22இல் 39. இது சிறிய மாற்றமன்று. ஆயினும் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கே உரியது. ஓ.பி. சீட்டோடு நிற்பவரின் இழந்த கூலியையோ மாலைக் கிளினிக்கின் கட்டணத்தையோ அது தொடுவதில்லை. 2012-13இல் திருவண்ணாமலைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நூறாண்டுகளாக வேலூருக்கு எழுதப்பட்ட சீட்டுகளில் பல இப்போது எழுதப்பட வேண்டியதில்லை. ஆனால் செங்கம், போளூர், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து நோயாளிகள் இப்போது ஒரே முற்றத்தில் வந்து நிற்கின்றனர். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாதம் ஒரு நாள் கூலியை இழந்துவந்த முதியோருக்கு அந்த நாள் திரும்பக் கிடைத்தது.

இவ்வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. மிஷன் மருத்துவர்களின் அறிக்கைகள் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. காத்திருந்தோரின் வரலாறு இங்கேயே கிடக்கிறது. சபைகளின் அடக்கப் பதிவேடுகளில் மரணத்தின் காரணம் எழுத ஒரு பத்தி உண்டு. காய்ச்சல், பிரசவம், பேதி என்று ஒரு சொல்லில் அது முடிந்துவிடும். அந்த நோயாளி எந்த மருத்துவமனைக்குப் புறப்பட்டார், எத்தனை நாள் அலைந்தார், கடைசியில் யாரிடம் கடன் வாங்கினார் என்பதை வீட்டிலுள்ள மூத்தவர் இன்றும் சொல்வார். கோடை விடுமுறையில் ஆரணி, திருவண்ணாமலை, திருக்கோவிலூர்ச் சபைகளுக்குச் செல்லும் இறையியல் மாணவர்கள் பதிவேட்டையும் அந்த மூத்தவரின் பேச்சையும் அருகருகே வைத்து எழுதி வரலாம். பதிவேடுகள் கறையானுக்கு முன் கிடைக்க வேண்டும். மூத்தவர்களோ எண்பதைக் கடந்துவிட்டனர்.