தோல்வியில் பொறித்த சாதனை

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் வென்றவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. முதலில் வந்தவரின் பெயர் ஏட்டில் ஏறும். பின்தங்கியவரின் பெயர் மறையும். ஆயினும், ஒரு விளையாட்டாளரின் வாழ்நாள் மைல்கல் அவர் வென்ற நாளில்தான் நடப்பட வேண்டும் என்ற நியதி இல்லை. கிரிக்கெட் மேதை பிராட்மன் 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள், ஓவல் திடலில் தம் இறுதி டெஸ்ட் ஆட்டத்தில் ஓட்டமேதும் எடுக்காமல் வெளியேறினார். நான்கு ஓட்டங்கள் எடுத்திருந்தால் அவரது சராசரி நூறாகியிருக்கும். கிட்டியது 99.94. அன்றைய ஆட்டம் சுழியம். அன்று முற்றுப்பெற்ற கணக்கோ இன்றளவும் எவரும் நெருங்காத சிகரம். ஒரு நாளின் விளைவு வேறு, ஒரு வாழ்வின் அளவு வேறு என்பதற்கு இது சான்று.

இவ்வுண்மையை மேலும் தெளிவாக உணர்த்துவோர் நமக்கு அண்மையிலேயே வாழ்ந்த இரு தமிழர்கள். ஒருவர் மலேசியாவின் மணி ஜெகதீசன். மற்றவர் சிங்கப்பூரின் கனகசபை குணாளன். முன்னவர் மருத்துவர், பின்னவர் ஆசிரியர். 1966ஆம் ஆண்டு பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4 x 100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 100 மீட்டரில் அவரை அடுத்து வெள்ளி பெற்றவர் குணாளன். ஆசியாவின் முதலிரு விரைவோட்டக்காரர்களும் தமிழர்களாய்த் திகழ்ந்த பொற்காலம் அது.

ஈராண்டுகள் கழித்து, 1968இல், இருவரும் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் களமிறங்கினர். உலக அரங்கின் அளவுகோல் கடுமையானது. குணாளன் 100 மீட்டரில் தொடக்கச் சுற்றுகளைக் கடந்து அரை இறுதியை எட்ட இயலவில்லை. ஜெகதீசன் 200 மீட்டரில் அரை இறுதிவரை சென்றார். இறுதி ஓட்டத்தில் அவருக்கு இடம் கிட்டவில்லை. 100 மீட்டரில் வாகை சூடிய ஜிம் ஹைன்ஸ் 9.95 விநாடியிலும், 200 மீட்டரில் வென்ற டாமி ஸ்மித் 19.83 விநாடியிலும் ஓடினர். பதக்கப் பட்டியலை மட்டும் புரட்டுவோருக்கு நம்மவர் இருவரும் வெறுங்கையோடு திரும்பியவர்களே.

ஆனால், காலங்காட்டும் மின்கருவி வேறொரு வரலாற்றைப் பதிவு செய்தது. மெக்சிகோவில் குணாளன் ஓடிய நேரம் 10.38 விநாடி, ஜெகதீசன் ஓடிய நேரம் 20.92 விநாடி. இரண்டும் அவரவர் நாட்டின் தேசியச் சாதனைகளாயின. பேங்காக்கில் பெற்ற பொன்னும் வெள்ளியும் தராத மைல்கல்லை, மெக்சிகோவில் பெற்ற தோல்வி தந்தது.

மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி குறைவாதலால் விரைவோட்டக்காரர்க்குத் தடை குறையும் என்று கூறுவோர் உளர். அது மெய்யே. எனினும், அவ்வுதவி அங்கு ஓடிய அனைவர்க்கும் பொதுவானது. தம்மினும் வலியவர் முன்னே ஓட, தம் எல்லையைத் தாமே கடந்த ஊக்கம் அவ்விருவருக்கே உரியது.

அவ்வெண்கள் எத்துணைக் காலம் நிலைத்தன என்பதையும் நோக்க வேண்டும். குணாளனின் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. 2001ஆம் ஆண்டு கோலாலம்பூர் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் சியாம் 10.37 விநாடியில் ஓடி அதை முறியடித்தார். வேறுபாடு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு. ஜெகதீசனின் சாதனையோ 49 ஆண்டுகள் நின்றது. 2017இல் 20.90 விநாடியில் அதை வென்றவர் கைருல் ஹாபிஸ் ஜந்தான். முந்திய ஆண்டு சுக்மா போட்டியில் நம் மலாக்கா மாநிலத்தின் சார்பில் 100 மீட்டரை 10.18 விநாடியில் ஓடிய இளைஞர் அவர். இங்கும் வேறுபாடு நூற்றில் இரண்டு பங்கே.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நாட்டின் இளைஞர்கள் துரத்திய இலக்கு, வெல்லாத ஒருவரின் நேரமாகும். பின்தங்கியவர் என்று கருதி அந்நேரத்தை எவரும் குறிக்காது விட்டிருந்தால், பின்வந்தோர் எதைத் துரத்தியிருப்பர்?

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது. இல்ல விளையாட்டுப் போட்டிகளில் முதல் மூவரின் பெயரோடு ஏட்டை மூடிவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. ஆறாவதாக வந்த மாணவன் சென்ற ஆண்டினும் ஒரு விநாடி விரைந்து ஓடியிருக்கலாம். அதை அவனே அறியான். வெற்றிக்கிண்ணம் ஒருவர்க்கே உரியது. முன்னேற்றமோ ஓடுவோர் அனைவர்க்கும் உரியது. நிறுத்துக் கடிகாரமும் ஒரு குறிப்பேடும் எந்தத் தோட்டப்புறப் பள்ளிக்கும் எட்டாத பொருள்கள் அல்ல. ஒவ்வொரு மாணவனின் நேரத்தையும் எழுதி வைப்போம். அவன் வெல்லாத நாளிலும் வளர்ந்திருக்கிறான் என்பதை அந்த ஏடு அவனுக்குச் சொல்லும்.