கரை ஏறியவனுக்குக் கழுவாய்!

ஆண்டுக்கணக்கில் அயல்நாட்டில் இருந்தவன் தாயகம் திரும்புகிறான். கப்பலின் மேல்தளத்தில் நின்று, தொலைவில் தெரியும் கரையைக் கண்கொட்டாமல் காண்கிறான். பெற்றவளைப் பார்க்கப் போகும் பூரிப்பு; பிறந்த தெருவை மிதிக்கப் போகும் துடிப்பு! எந்நாட்டானுக்கும் அது இன்பநாள். நம் நாட்டிலோ, நெடுங்காலம் அது விசாரணை நாளாக இருந்தது. “என்ன கற்று வந்தாய்?” என்று ஊர் கேட்கவில்லை. “யாரோடு உண்டாய்? யார் தந்த தண்ணீரைக் குடித்தாய்? கழுவாய் எப்போது?” என்றே கேட்டது.

இதைப் பாட்டி கதை என்று தள்ளிவிட வேண்டாம், தோழர்களே! ஏட்டில் எழுதி வைத்த சட்டம் இது. ஒருவனைச் சாதியினின்று வீழ்த்தும் குற்றங்களை அடுக்கும் போதாயன தரும சூத்திரம், கடற்பயணத்தை முதலில் நிறுத்துகிறது. தண்டனையும் சொல்கிறது. நான்காவது வேளைக்கு ஒருமுறை சிறிதளவு உணவு. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நீராட்டு. பகலெல்லாம் நிற்க வேண்டும், இரவெல்லாம் உட்கார்ந்தே கழிக்க வேண்டும். ஒருநாள் இருநாள் அல்ல, மூன்று ஆண்டுகள்!

மனுவும் இதில் பின்தங்கவில்லை. கடல் கடந்தவனைச் சிரார்த்த விருந்துக்கு அழைக்காதே என்கிறது மூன்றாம் அத்தியாயம். எட்டாம் அத்தியாயமோ, கடற்செலவில் வல்லவர்கள் குறிக்கும் வட்டி விகிதத்தை ஏற்றுக்கொள் என்கிறது! கடலோடியின் கணக்கு வேண்டும். அவனுக்கு இலை போடக் கூடாது. நல்ல நீதி! 1025-இல் இராசேந்திர சோழனின் படை கடாரம் சென்று மீண்டதே, அந்த வீரர்கள் அத்தனை பேரும் மூன்றாண்டு நின்றும் உட்கார்ந்துமா கழித்தார்கள்? வாளேந்தி வந்தவர் முன் சூத்திரம் வாய்பொத்திக் கொண்டது போலும்.

ஒன்றை நாம் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். போனவன் போன இடத்திலேயே தங்கிவிட்டால், இந்தச் சட்டம் அவனை என்ன செய்துவிடும்? ஒன்றும் செய்யாது. அவன் திரும்ப வேண்டும். தாய் கைச் சோற்றுக்கு ஏங்க வேண்டும். தங்கைக்கு மணம் பேச வேண்டும். செத்தால் தூக்க நாலு பேர் வேண்டும். பிடி அங்கேதான் இருந்தது. மனிதனின் வீட்டுப் பாசத்தைப் பணயமாகப் பிடித்து வைத்துக்கொண்டுதான் சாதி தன் சுங்கத்தை வாங்கியது. அந்தச் சுங்கமும் ஆளுக்கொரு விகிதம்!

செய்ப்பூர் மன்னர் இரண்டாம் மாதோ சிங், 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு இலண்டன் சென்றார். அயல்நாட்டு நீர் தொண்டையில் இறங்கலாமா? மாபெரும் வெள்ளிக் கொப்பரைகள் நிறையக் கங்கை நீரை ஏற்றிக்கொண்டார். ஒவ்வொன்றும் 345 கிலோ எடை; ஏறத்தாழ 4000 லிட்டர் கொள்ளும். அவற்றுள் இரண்டை இன்றும் செய்ப்பூர் அரண்மனையில் காணலாம். கசானா இருந்தால் கங்கையும் கப்பலேறும்!

காந்தியார் 1888-இல் சட்டம் படிக்கப் புறப்பட்டபோது, பம்பாயில் கூடிய மோத் பனியா சாதிக் கூட்டம் அவரை விலக்கி வைத்தது. வழியனுப்பத் துறைமுகம் போகிறவர்களுக்கு ஒரு ரூபாய் நாலணா அபராதமாம்! 1891-இல் பாரிஸ்டராகத் திரும்பியவரை, அண்ணன் முதலில் அழைத்துச் சென்ற இடம் நாசிக். அங்கே ஆற்றில் ஒரு முழுக்கு. பிறகு இராசகோட்டில் சாதியாருக்கு விருந்து. அப்படியும் ஒரு பிரிவினர்தான் சேர்த்துக்கொண்டனர். மற்றப் பிரிவின் கட்டுப்பாட்டால், மாமனார் வீட்டில் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூட அருந்த முடியாத நிலை. மறைவாகத் தர அவர்கள் அணியமாக இருந்தார்கள். மறைத்து உண்ண அவர் இசையவில்லை.

பொருள் உள்ளவர்கள் தப்பினார்கள். பொருளும் இன்றி, உடலும் நலிந்து திரும்பியவர் கதை வேறு.

கணித மேதை இராமானுசன் 1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறினார். ஏறுவதற்கு முன்பே தாயின் தடை. நாமகிரித் தாயார் கனவில் வந்து விடை கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பின்னரே அது நீங்கியது. குடுமியை எடுத்தார்; கோட்டு அணிந்தார். கேம்பிரிட்சில் போர்க்காலப் பஞ்சத்தினிடையேயும் மரக்கறி உணவைக் கைவிடவில்லை. தம் கையாலேயே சமைத்துக் கொண்டார். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1919 மார்ச் இறுதியில் பம்பாய் வந்து இறங்கியபோது, புகழ் பெருத்திருந்தது, உடல் சிறுத்திருந்தது.

இராமேசுவரம் சென்று கடல் கடந்த தீட்டைக் கழிக்க வேண்டும் என்பது தாயின் விருப்பம். அந்தப் பயணத்துக்கு உடல் இடம் தரவில்லை. கொடுமுடி, குடந்தை, மீண்டும் சென்னை என்று காற்று மாற்றி வைத்தார்கள். படுக்கையில் கிடந்தபடியே கணக்குப் போட்டார். 1920 சனவரியில் பேராசிரியர் ஆர்டிக்குப் புதுக் கண்டுபிடிப்பொன்றை எழுதி அனுப்பினார். உலகக் கணிதவாணர் அதைப் பின்னர் நூறாண்டாக ஆராய்ந்தனர். ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

அந்த உடலைத் தூக்க உறவினர் திரண்டு வந்தார்களா? வைதிக உறவினர் பலர் வரவில்லை. கடல் கடந்தவர், கழுவாய் செய்யாதவர்! அவருக்கு முன்பே துணை நின்ற இராமச்சந்திர ராவ் போன்றோர் முயற்சியால்தான் எரியூட்டல் நடந்தது. முடிவிலியின் முகம் பார்த்த மூளை, முழுக்குப் போடாத மேனி! எது பெரிதாகப்பட்டது அவர்களுக்கு?

இனி, பெயர் தெரியாதவர்களைப் பார்ப்போம். 1860 முதல் 1911 வரை, சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் தெலுங்கரும் ஏற்றப்பட்டனர். கப்பலின் அடித்தட்டில் சாதி பார்த்துப் பாய் விரிக்க இடமில்லை. ஒரே அண்டாச் சோறு, ஒரே நோய், ஒரே சவுக்கு. தோட்டத்தில் சாதி கடந்த மணங்கள் நிகழ்ந்தன, குழந்தைகள் பிறந்தன. 1927-இல் கேப்டவுன் உடன்பாடு வந்தது. ஊருக்குப் போகிறேன் என்பவருக்கு இலவசப் பயணச்சீட்டு. பெரியவருக்கு 20 பவுன், பிள்ளைக்கு 10 பவுன் ஊக்கத் தொகை. மூன்றாண்டுக்குள் பணத்தைத் திருப்பிக் கட்டினாலன்றி மீண்டும் அங்கே கால் வைக்க முடியாது.

நம்பி வந்தார்கள். கிராமம் என்ன செய்தது? “இவள் எந்தச் சாதி? இந்தப் பிள்ளை யார் பிள்ளை?” என்றது. கையிலிருந்த பவுன் கரையும் வரை உறவு. கரைந்த பின் விலக்கு. பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் இவர்களைப் பற்றி 1931-இல் வெளியிட்ட அறிக்கை இந்தத் துன்பத்தைத் தொகுத்துரைக்கிறது. மீண்டும் தென்னாப்பிரிக்காவுக்கே அனுப்பிவிடுங்கள் என்று ஏங்கியவர்கள் அதில் உண்டு. சவுக்கடி தந்த நாடு, சொந்த ஊரைவிட மேல் என்று தோன்றியது! கல்கத்தாவை அடுத்த மட்டியாபுர்சிலும் இதே காட்சி. பிசி, டிரினிடாடு, கயானா நாடுகளிலிருந்து திரும்பி, ஊரில் இடமின்றித் துறைமுகத்துக்கே வந்த கூட்டம், அடுத்த கப்பலுக்காகச் சேரியில் காத்துக் கிடந்தது. இவர்களுக்கு வெள்ளிக் கொப்பரை ஏது? நாசிக் செல்ல வண்டிச் செலவுக்கு வழி ஏது?

அந்த அறிக்கை வெளிவந்த 1931-இன் டிசம்பரில்தான் பெரியார் சென்னையில் கப்பல் ஏறினார். எகிப்து, துருக்கி, சோவியத்து நாடு, செருமனி, இங்கிலாந்து என்று ஏறத்தாழ ஓராண்டு சுற்றினார். 1932 நவம்பரில் இலங்கை வழியாகத் தூத்துக்குடியில் இறங்கினார். எந்த ஆற்றிலும் மூழ்கவில்லை. எந்தப் புரோகிதருக்கும் தட்சணை தரவில்லை. அவர் கொண்டு வந்த பொருளுக்குச் சுங்கமும் கிடையாது. அந்த மாதமே ‘குடிஅரசு’ ஏட்டில் ஓர் அறிவிப்பு வந்தது: பெயருக்கு முன்னே திரு என்றும் ஸ்ரீ என்றும் போட வேண்டாம், எல்லாரையும் ‘தோழர்’ என்றே அழைப்போம் என்று.