காய்கிற நேரம்

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலை. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி உள்தேர்வு விடைத்தாளை என் மேசைமேல் வைத்தாள். தாளைவிட அவள் விரல்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. பத்து நகங்களிலும் கருப்புப் பூச்சு. அதன்மேல் மெல்லிய பச்சைக் கோடுகள், கோட்டின் நுனியில் மூன்று மூன்று வெள்ளைப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால் கரிசல் மண்ணில் வெடித்து நிற்கும் பருத்தி. ஒவ்வொரு நகமும் ஒரு செடி.

அழகாக இருந்தது. ஆனால் என் வாயில் வந்தது வேறு. "படிக்கிற பிள்ளைக்கு இதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. மற்ற பிள்ளைகள் போகும்வரை நின்றிருந்தவள் மெதுவாகச் சொன்னாள். "பார்லர்ல போட்டது இல்ல மேடம். வீட்ல நானே வரைஞ்சது. தீக்குச்சியாலதான். அம்மா ஆபீஸ்ல கழிச்சுப் போடற குச்சியக் கொண்டு வருவாங்க."

கோவில்பட்டிப் பக்கம் 'ஆபீஸ்' என்றால் தீப்பெட்டி ஆபீஸ். வெளியூர்க்காரர்களுக்குத்தான் அது தொழிற்சாலை.

என் கேள்வியை நான் பின்னால் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். 'இதுக்கெல்லாம் எங்கே நேரம்' என்று ஒரு தீப்பெட்டித் தொழிலாளியின் மகளிடம் கேட்டிருக்கிறேன். திட்டுவதற்காகக் கேட்டதுதான். ஆனால் வரலாற்றிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பெண்ணின் நகத்தில் வண்ணம் ஏற வேண்டுமென்றால் அவள் கை கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை?

தமிழ் படித்தவள் என்பதால் என் புத்தி முதலில் இலக்கியத்துக்குத்தான் போகும். நகத்துக்கு 'உகிர்' என்று ஒரு பழைய சொல் உண்டு. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் ஒரு பாடினியைக் கூந்தல் முதல் பாதம் வரை வருணிக்கிறார். அவள் விரல் காந்தள் பூவாகிறது, நகம் கிளியின் அலகாக ஒளிர்கிறது. வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது பிள்ளைகள் உவமையைக் குறித்துக்கொள்வார்கள், இரண்டு மதிப்பெண்ணுக்கு உதவும். ஆனால் வருணனை பாதத்துக்கு இறங்கும்போது அதே பெண்ணின் கால் பரல்கற்களில் நடந்து நடந்து கொப்புளம் கண்டிருக்கிறது. அவள் ஊர் ஊராய்ப் போய்ப் பாடிப் பிழைக்கிறவள். நகம் மின்னுகிறது, கால் புண்ணாகிக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே புலவர்தான் அழகின் கணக்கில் சேர்த்துப் பாடுகிறார்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்கிறாள். அவள் பாதத்துக்கு அலத்தகம், அதாவது செம்பஞ்சுக் குழம்பு ஊட்டப்படுகிறது. அரக்குச் சிவப்பில் பஞ்சைத் தோய்த்துத் தடவும் பழக்கம் அது. ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விப்பதற்காக நடக்கும் ஒப்பனை என்பதைக் காப்பியம் மறைக்கவில்லை. சிவந்த பாதம் நமக்குத் தெரிகிறது. அரக்கை அரைத்த கை தெரிவதில்லை.

அரண்மனைக்கும் ஆடல்மகளிர் வீதிக்கும் செம்பஞ்சு என்றால், சாதாரண வீடுகளுக்கு மருதாணி. தென்மாவட்டங்களில் அழவணம் என்றும் சொல்வார்கள். வேலியோரச் செடி, காசு வேண்டாம். இலையை உருவி, கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அம்மியில் அரைப்பார்கள். விரல் நுனிக்குத் தொப்பி, உள்ளங்கையில் வட்டம், சுற்றிலும் புள்ளி. புள்ளி வைக்க ஈர்க்குச்சி, அது அகப்படாவிட்டால் தீக்குச்சி. பிரஷ்ஷும் கோனும் வருவதற்கு முன்பே நம் வீட்டுப் பெண்களிடம் இந்தக் கருவிகள் இருந்தன.

மருதாணிச் சாயம் நகத்தின் கெரட்டினோடு பிணைந்துவிடும். தோலில் பதினைந்து நாளில் மங்கிவிடுவது, நகத்தில் மட்டும் அது வளர்ந்து வெட்டுப்படும்வரை நிற்கும். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. ஆடியில் வைத்த சிவப்பு தை வரைக்கும் நுனியில் பிறையாக ஒதுங்கிக் கிடக்கும். சிறுவயதில் அந்தப் பிறையை வைத்தே நாங்கள் நாட்களை எண்ணியிருக்கிறோம்.

ஆனால் எங்கள் வீட்டில் அரைக்கிறவள் யார்? அப்பாவைப் பெற்ற ஆச்சி. இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு அரைப்பாள், ஒரு பொட்டு தன் விரலில் வைத்துக்கொள்ள மாட்டாள். அரைத்த கை சிவக்காமல் இருக்குமா? வேலை முடிந்ததும் புளித் தண்ணீர் போட்டுத் தேய் தேயென்று தேய்ப்பாள். அப்படியும் அவள் நகங்களில் ஒரு மங்கல் சிவப்பு தங்கியிருக்கும். அது வேலையின் சிவப்பு என்பதால் ஊர் அதை மன்னித்துவிட்டது. அலங்காரத்தின் சிவப்பாக இருந்திருந்தால் மன்னித்திருக்காது. ஒரே சாயத்தில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க நம் சமூகத்துக்குத் தெரிந்திருந்தது.

மருதாணி வைத்த இரவுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. கையை எதிலும் வைக்கக்கூடாது. சோற்றை யாராவது ஊட்டிவிட வேண்டும், தண்ணீரை யாராவது வாயில் ஊற்ற வேண்டும். என் அம்மாவை யாரோ ஊட்டிவிட்டு நான் பார்த்தது அந்த இரவுகளில் மட்டும்தான்.

இப்போது தீப்பெட்டிக்கு வருகிறேன். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். 1923இல் சிவகாசியில் அது தொடங்கியது. மழை பொய்க்கும் இந்த மானாவாரிப் பூமியில், சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று அது பரவுவதற்கு வெகுகாலம் ஆகவில்லை. வறண்ட காற்று குச்சியும் பெட்டியும் காய்வதற்கு வசதி. விளைச்சல் இல்லாத காலத்தில் கைகள் மலிவு. அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை, வெகுகாலம் சிறுமிகளுடையவையும்தான்.

மருந்து முக்குவது பெரும்பாலும் ஆண்கள் வேலை. கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது, லேபிள் ஒட்டுவது எல்லாம் பெண்கள் வேலை. கூலி நாளுக்கு அல்ல, எண்ணிக்கைக்கு. இத்தனை கட்டைக்கு இவ்வளவு, இத்தனை குரோஸ் பெட்டிக்கு இவ்வளவு. எண்ணிக்கைக் கூலியில் விரல் நிற்கிற ஒவ்வொரு நொடியும் காசு. என் அத்தை ஒருத்தி கட்டை அடுக்கியவள். அவள் பெருவிரல் நகம் பக்கவாட்டில் தேய்ந்து, நடுவில் மேடு தட்டியிருக்கும். பெட்டி ஒட்டும் நாட்களில் நகக்கண்ணில் பசை இறுகிக் கிடக்கும், ஊறவைத்து ஊக்கால் எடுப்பாள். கல்யாண வீட்டில் மருதாணி வைத்தால் அவளுக்கு மட்டும் பிடிக்காது. பசை படிந்த விரலில் சாயம் எப்படி ஏறும்?

1983இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி இதழில் ஸ்மித்து கோத்தாரி சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய கட்டுரை நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. நம் கரிசல்காட்டுப் பூமணி இந்த வாழ்க்கையைத்தான் 'கருவேலம்பூக்கள்' என்று படமாக எடுத்தார். சிறுமிகள் மெல்ல மெல்லப் பள்ளிக்குத் திரும்பினார்கள். அவர்களின் அம்மாக்கள் கட்டைக்கு முன்னால்தான் இருந்தார்கள்.

இங்கே லண்டனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1888 ஜூலையில் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைப் பாஸ்பரஸ் அவர்கள் தாடை எலும்பை அரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் நிலையைப் பத்திரிகையில் எழுதிய அன்னி பெசன்ட் பின்னாளில் நம் சென்னை அடையாறுக்கு வந்து வாழ்ந்தார். சிவகாசியில் முதல் தீப்பெட்டி செய்யப்பட்டபோது அவர் இங்கேதான் இருந்தார். உலகம் இவ்வளவு சிறியது. ஆனாலும் லண்டன் பெண்களின் வெற்றி கரிசல் சிறுமிகளின் விரலை வந்து சேரவில்லை.

தீப்பெட்டி லேபிள்களை ஆல்பத்தில் ஒட்டிச் சேகரிக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். கோழி, மயில், தாமரை, சாவி என்று எல்லாப் படங்களும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை ஒட்டிய விரலுக்கு எந்த ஆல்பத்திலும் இடமில்லை.

நகப்பூச்சுக் குப்பியின் கதையும் பஞ்சிலும் நெருப்பிலும்தான் தொடங்குகிறது. 1846இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர், பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் தோய்த்தால் வெடிக்கும் பொருளாக மாறுவதை அறிவித்தார். நைட்ரோசெல்லுலோஸ், பேச்சுவழக்கில் வெடிபஞ்சு. நம் நீலகிரி அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு அமைத்த கார்டைட் ஆலையின் மூலப்பொருள்களில் அதுவும் ஒன்று. அதே வகைப் பொருளை வேறு அளவில் அமிலம் ஏற்றிக் கரைப்பானில் கரைத்தால், காய்ந்ததும் கண்ணாடிபோல் மின்னும் படலம் கிடைக்கும். 1920களில் அமெரிக்கக் கார்களின் மேல் அந்தப் பூச்சு ஏறியது. அதே காலத்தில் பெண்களின் நகத்திலும் ஏறியது. 1932இல் ரெவ்லான் நிறுவனம் அடர்ந்த வண்ணப்பூச்சோடு சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பே வந்திருந்த க்யூட்டெக்ஸின் பெயர் நம் ஊரில் பொருளுக்கே பெயராகிவிட்டது. என் அம்மா இன்றும் எந்தப் பூச்சையும் 'க்யூட்டெக்ஸ்' என்றுதான் சொல்வாள். 1952இல் டாடா குழுமம் லக்மேயைத் தொடங்கியது. மெல்ல மெல்ல அந்தக் குப்பி கோவில்பட்டி வளையல் கடைக்கும் வந்து சேர்ந்தது.

கரிசல்காட்டுப் பெண் நூற்றாண்டுகளாக எடுத்த பருத்தி, கரிசல்காட்டுப் பெண் நூறு ஆண்டுகளாக அடுக்கிய நெருப்பு. இரண்டும் ஒரு குப்பிக்குள் சேர்ந்து அவள் மகளின் நகத்துக்கு வந்திருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் இதைத் திறக்காதே என்று அந்தப் பிள்ளையை அவள் அம்மா சத்தம் போடுவாளாம். நெருப்போடு பழகியவளுக்கு அந்த வாடை போதும்.

இந்த வண்ணத்துக்கும் ஒரு தொழிலாளி இருக்கிறாள் என்பதை மறக்கக்கூடாது. 1975இல் வியட்நாமிலிருந்து அகதிகளாகக் கலிபோர்னியா வந்த 20 பெண்களுக்கு, நடிகை டிப்பி ஹெட்ரனின் முயற்சியால் நக ஒப்பனை கற்றுத்தரப்பட்டது. இன்று அமெரிக்க நக நிலையங்களில் பெரும்பங்கு வியட்நாமியப் பெண்களின் உழைப்பு. பூசிக்கொள்கிறவள் கரைப்பானின் வாடையை அரைமணி நேரம் சுவாசிக்கிறாள், பூசிவிடுகிறவள் நாள் முழுவதும். தீக்குச்சியின் கணக்கும் இதுதான். உரசுகிறவளுக்கு ஒரு நொடி, அடுக்குகிறவளுக்கு ஆயுள்.

ஆனால் வீட்டில் தானே வரைந்துகொள்கிற பெண்ணிடம் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. அவள்தான் தொழிலாளி, அவள்தான் உடையவள். அந்த மாணவி சொல்லித்தான் முறை எனக்குத் தெரிந்தது. முதலில் நிறமில்லாத பூச்சு ஒரு கை. அது காய்ந்ததும் கருப்பு, அதுவும் இரண்டு மெல்லிய கை. தடிமனாகப் போட்டால் உள்ளே காயாமல் மேலே சுருங்கிவிடும். புள்ளிக்குத் தீக்குச்சியின் முனை, இன்னும் சின்னப் புள்ளி வேண்டுமென்றால் தீர்ந்துபோன பேனா ரீஃபில். கோட்டுக்கு பழைய பிரஷ்ஷில் நாலைந்து மயிரை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். வலது கையால் இடது கைக்கு வரைவது சுலபம், இடது கையால் வலது கைக்கு வரையப் பழக ஒரு வருடம் ஆயிற்றாம். கோலம் போடுகிறவளின் அளவும் பொறுமையும்தான் இது. வாசலில் போட்டால் காலையில் அழிந்துவிடுகிறது, இது ஒரு வாரம் கூடவே வருகிறது.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், அன்று கேட்கவில்லை. அடுத்த வாரம் அழைத்து, பருத்தி வரைய எப்படித் தோன்றியது என்று கேட்டேன். மன்னிப்பு அந்தக் கேள்வியில் இருந்தது அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். உட்கார்ந்து பேசத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கும் வரைந்துவிடுவாளாம். தேய்ந்த நகம், மேடு பள்ளம். அதில் கோடு நிற்காது, அதனால் புள்ளி மட்டும். "திங்கக்கிழம சாயங்காலத்துக்குள்ள பாதி உதிர்ந்துரும் மேடம்."

"பின்னே எதுக்கும்மா அவ்வளவு கஷ்டப்பட்டு வரையறே?"

அவள் சிரித்தாள். "காயற வரைக்கும் அம்மா ஒரு வேலையும் செய்ய முடியாதுல்ல மேடம்? ரெண்டு கையயும் விரிச்சு வச்சுக்கிட்டு ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்திருப்பாங்க. அப்பா காப்பி கேட்டாக்கூட, கை காயலன்னு சொல்லிருவாங்க. நான் வேணும்னே இன்னொரு கை போட்ருவேன்."