காட்டு ஓநாய் வீட்டு நாயான வரலாறு

மனிதன் முதன்முதலில் பழக்கி வளர்த்த பிராணி எது என்று வினவினால், பசு என்போரும் ஆடு என்போரும் உளர். உழவும் மந்தையும் நாகரிகத்தின் தொடக்கம் என்று எண்ணுவோர்க்கு அவ்விடை பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் உண்மை அதுவன்று. ஆடும் மாடும் மனிதன் வசமானது இற்றைக்கு ஏறக்குறையப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னராகும். அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் முந்தியே, விதைக்கவும் அறுக்கவும் அறியாது மனிதன் வேட்டையாடித் திரிந்த நாளிலே, நாய் அவனோடு கூடி வாழத் தொடங்கிவிட்டது.

நாயின் முன்னோன் ஓநாயே. பல்வேறு சாயலும் பருமனும் கொண்ட நாய்களைக் கண்ட டார்வின் பெருமகனார், இவை ஒன்றுக்கு மேற்பட்ட காட்டினங்களின் வழிவந்தவையாதல் வேண்டும் என எண்ணினார். மரபணுக்களை ஒப்புநோக்கும் இக்காலத்து ஆராய்ச்சி அக்கருத்தைத் தள்ளிவிட்டது. மடியில் துயிலும் சிறு நாயும், கன்றுக்குட்டியளவு நிற்கும் பெருநாயும் ஓநாய்க் குலத்தின் பிள்ளைகளே.

1914ஆம் ஆண்டில் ஜேர்மனியில், பொன் நகரத்தின் அருகேயுள்ள ஓபர்காசல் என்னுமிடத்தில் கல்லுடைக்கும் தொழிலாளர் ஒரு பழைய புதைகுழியைக் கண்டனர். அதில் ஓர் ஆணின் எலும்புக்கூடும், ஓர் இளம் பெண்ணின் எலும்புக்கூடும், அவற்றுடன் ஒரு விலங்கின் எலும்புகளும் கிடந்தன. அவ்விலங்கின் தாடையை ஓநாயினுடையது என்று குறித்து வைத்துவிட்டனர். அது நாயின் தாடை என்பது உணரப்பட அறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. புதைகுழியின் வயதோ பதினாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று அந்நாயின் பற்களிலிருந்து மற்றொரு செய்தியைப் படித்துக் கூறியது. இறக்கும்போது அது ஏழு மாதமும் நிரம்பாத குட்டி. ஏறக்குறைய ஐந்தாம் மாதத்தில், நாய்க்குட்டிகளைக் கொல்லும் கொடிய தொற்றுநோய் ஒன்று அதனைப் பற்றியது. நோய் தணிவதும் மீள்வதுமாக மூன்று முறை வருத்திய வடு பல்லின் மேற்பூச்சில் பதிந்திருக்கிறது. அந்நோய் கண்ட குட்டி, தண்ணீர் கொடுத்துத் துடைத்துச் சூடேற்றிக் காப்பவர் இன்றி அத்தனை வாரங்கள் உயிர்தரித்திருக்க இயலாது. வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டியைப் பனிக்காலத்து வேடுவர் பேணியிருக்கின்றனர். மனிதன் பயன் கருதியே பிராணிகளை வளர்த்தான் என்று பாடநூல்கள் அடுக்கிச் சொல்லும் கூற்றை இக்குட்டியின் பற்கள் சற்றே அசைத்துவிடுகின்றன. இஸ்ரவேலின் வடபால் ஐன் மல்லாஹா என்னுமிடத்தில் பன்னீராயிரம் ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பெற்ற முதியவர் ஒருவரின் கை, அருகே கிடத்திய நாய்க்குட்டியின் மேல் வைக்கப்பட்டிருந்தது. அதுவும் பயனை மட்டும் கருதிய செயலாகத் தோன்றவில்லை.

ஓநாய் பழகிய விதம் பற்றி இரு கருத்துகள் உள. வேடுவர் குட்டிகளைக் குகையிலிருந்து எடுத்துவந்து வளர்த்தனர் என்பது ஒன்று. மனிதன் எறிந்த எலும்பையும் இறைச்சியையும் நாடி வந்த ஓநாய்களுள், அச்சமும் சீற்றமும் குறைந்தவை மெல்ல மெல்ல அவனை அண்டின என்பது மற்றொன்று. இரண்டாவது கருத்து நடக்கக்கூடியதே என்பதற்கு ரஷ்ய விஞ்ஞானி டிமித்ரி பெல்யாயெவ் தொடக்கிய பரிசோதனை சான்றாக நிற்கிறது. 1959ஆம் ஆண்டு முதல் அவரும் லுட்மில்லா துருத் அம்மையாரும் சைபீரியாவில் வெள்ளிநரிகளை வளர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் மனிதனைக் கண்டு அஞ்சாதவற்றை மட்டும் தெரிந்து இனம் பெருக்கினர். சில தலைமுறைகளிலேயே நரிகள் மனிதரைக் கண்டு வாலாட்டின, கையை நக்கின. காது மடிந்தும் தோலிற் புள்ளி படர்ந்தும் சில பிறந்தன. இத்தகைய உருவமாற்றங்களுள் சில பண்ணை நரிகளிடம் முன்னரே இருந்தவை என்று மறுப்போர் உளர். குணம் மாறியதை எவரும் மறுக்கவில்லை.

உணவும் நாயை மாற்றியது. மாப்பொருளைச் செரிப்பிக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே உண்டு. நாயிடம் நான்கு முதல் முப்பது வரை உண்டு என்று சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் 2013ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். நம்மூர் நாய் பழஞ்சோற்றை விரும்பி உண்பது வறுமையால் மட்டும் அன்று.

பூனையின் கதை வேறு. அது தானியக் களஞ்சியத்து எலிகளைத் தேடித் தானே வந்த விருந்து. பூனைகளே இல்லாத சைப்பிரஸ் தீவில், 9,500 ஆண்டுகளுக்கு முந்திய மனிதப் புதைகுழியருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004ஆம் ஆண்டில் அறிவித்தனர். யாரோ அதனை ஓடத்திலேற்றிக் கொண்டுசென்றிருக்க வேண்டும். எகிப்தியர் வீட்டில் பூனை இறந்தால் புருவத்தை மழித்தனர் என்றும், நாய் இறந்தால் தலையையும் உடலையும் முற்றாக மழித்தனர் என்றும் கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். அத்தகைய அன்பிற்குரிய பூனைகளின் பதனிட்ட உடல்களைப் பத்தொன்பது தொன் அளவில் 1890ஆம் ஆண்டில் லிவர்பூல் துறைமுகத்திற்கு ஏற்றிச் சென்று, வயலுக்கு எருவாக ஏலம் விட்டது பிற்காலத்து நாகரிகம்!

தமிழ் நிலத்திலும் நாய்க்குக் கல்லெடுத்த வரலாறு உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று நிற்கிறது. மாட்டுப் பட்டியைக் காத்து மாண்ட வீரனோடு அவன் நாயின் உருவமும் அதிற் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டுக் கூறுகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எத்தனையோ செல்வர்களின் பெயர் அழிந்துபோக, ஒரு பட்டிநாயின் பெயர் நிலைத்துவிட்டது.

காவலும் வேட்டையும் யாவரும் அறிந்த பயன்கள். முதலாம் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்க்கு வழிகாட்டுமாறு நாய்களைப் பயிற்றும் பள்ளியை வைத்தியர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் 1916ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் நிறுவினார். பின்னர் அம்முறை உலகெங்கும் பரவியது. ஐக்கிய அமெரிக்காவில் இருதய நோயால் வைத்தியசாலையிற் கிடந்து மீண்ட 92 பேரை ஓராண்டு கவனித்து, அம்முடிவை 1980ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வீட்டில் பிராணி வளர்த்த 53 பேருள் மூவர் இறந்தனர்; வளர்க்காத 39 பேருள் பதினொருவர் இறந்தனர். பின்வந்த ஆய்வுகள் யாவும் இத்துணைத் தெளிவாகப் பேசவில்லையாதலின், இதனை மருந்துச்சீட்டாகக் கொள்ளலாகாது. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை ஊட்டும் அதே சுரப்பு இருவரிடத்தும் பெருகுகிறது என்பதை யப்பானிய ஆராய்ச்சியாளர் 2015ஆம் ஆண்டில் காட்டினர். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அது காணப்படவில்லை.

நாயை வளர்ப்பவன் ஏற்கவேண்டிய கடன் ஒன்றும் உண்டு. மனிதர்க்கு வரும் நீர்வெறுப்பு நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நாய்க்கடியால் வருவதே. விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஊசியேற்றி உயிர்காத்தார். ஆனால் நோயின் குறிகள் தோன்றிய பின்னர் அதனை மாற்ற இன்றும் வழியில்லை. ஓரூரில் உள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபதிற்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றினால் அந்நோய் அவ்வூரிற் பரவாது நின்றுவிடும் என்பது சுகாதார நிபுணர் கண்ட கணக்கு. வளர்ப்பாரின்றித் தெருவில் விடப்பட்ட குட்டிகளும் அக்கணக்கிற் சேர்ந்தவையே.