வண்டும் டிரோனும்

மன்னார்ப் பெருநிலத்தில், பாலாவிக் கரையில் விளங்கும் திருக்கேதீச்சரத்தைப் பாடிய திருஞானசம்பந்தர், மாதோட்டத்துப் பொழில்களில் வண்டுகள் பண் பாடுவதாகக் கூறுகின்றார். அவர் ஈழத்துக்கு வந்தாரல்லர், இராமேசுவரத்திலிருந்தே பாடினார் என்பது மரபு. கடலுக்கு அப்பால் நின்றவர் வண்டொலியை எங்ஙனம் கேட்டார் என்று வினவுவார் வினவுக. ஏழாம் நூற்றாண்டுத் தமிழ்ச் செவிக்கு அவ்வொலி பண்ணாகவே பட்டது என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

ஆங்கிலேயர் செவி வேறு வகையிற் கேட்டது. 'டிரோன்' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் ஆண் தேனீயைக் குறித்தது. ஒலிக்குறிப்பிற் பிறந்த சொல் இது என்பர் மொழிநூலார். இறந்தாரைக் குறித்த புலம்பற் பாட்டுக்குக் கிரேக்கர் வழங்கிய சொல்லை இதனோடு உறவுபடுத்துவாரும் உளர். ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை. அது தேன் திரட்டுவதும் இல்லை. பிற ஈக்கள் ஈட்டியதை உண்டு வாழ்வது. ஆகவே பதினாறாம் நூற்றாண்டளவில், பிறர் உழைப்பில் வாழும் சோம்பேறிக்கும் அது பெயராயிற்று. ஏற்ற இறக்கமின்றி நீளும் ஓசையையும், அவ்வோசை தரும் குழலையும் அச்சொல்லே குறிக்கலாயிற்று. நாதசுவரத்துக்குச் சுருதி பிடிக்கும் நம் ஒத்து அவ்வகைக் குழலே. ஆயினும் ஒத்து என்னும் பெயரில் ஈயும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை.

விமானத்துக்கு இப்பெயர் வந்த வரலாறு சுவையானது. பீரங்கிப் படையினர் குறிபார்த்துப் பழகுவதற்காக, வானொலி அலையால் இயங்கும் ஆளில்லா விமானம் ஒன்றைப் பிரித்தானியர் 1935இல் பறக்கவிட்டு, 'குயீன் பீ', அதாவது இராணித் தேனீ, என்று பெயரிட்டனர். அதனையொட்டியே அமெரிக்கக் கடற்படையினர் தம்முடையதை அடுத்த ஆண்டில் டிரோன் என்றனர் என்பர். இராணிக்கு ஏற்ற ஆண் தேனீ அன்றோ!

இனி மன்னாருக்கு மீள்வோம். 2007, 2008ஆம் ஆண்டுகளில் மன்னார்ப் பெருநிலம் போர்க்களமாயிற்று. அடம்பன், விடத்தல்தீவு முதலிய ஊர்களின் மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். இலங்கை விமானப் படையின் ஆளில்லா வேவு விமானங்கள் வன்னி வானில் இரவும் பகலும் வட்டமிட்டன. அவை குண்டு வீசுவன அல்ல, காண்பன. எனினும் அவை கண்ட இடத்துக்கு எறிகணையோ குண்டு விமானமோ பின்னால் வரும் என்பதை மக்கள் பட்டறிந்திருந்தனர். ஓயாது இரையும் அவ்விமானத்துக்கு வன்னி மக்கள் இட்ட பெயர் 'வண்டு'. வண்டு சுற்றுகிறது என்றால் பதுங்குகுழியை நாட வேண்டும் என்பது சிறாருக்கும் விளங்கிற்று.

இராணித் தேனீயின் கதையை அறிந்து இப்பெயரை இட்டாரல்லர். ஒலியைக் கேட்டார்கள், பெயர் பிறந்தது. பழைய ஆங்கிலச் சொல் பிறந்த வழியும் அதுவே. செய்தித்தாள்கள் வழங்கும் 'ஆளில்லா விமானம்' பொருளை நன்கு உணர்த்துகின்றது, ஆனால் அதில் ஒலி இல்லை. தேவாரத்தில் இன்னிசைக்கு உரியதாயிருந்த வண்டு, அதே மாதோட்டத்து மக்கள் வாயில் அச்சத்தின் பெயராயிற்று. தமிழ் அகராதி தொகுப்போர் வண்டு என்னும் சொல்லின் கீழ் இப்பொருளையும் இடம், காலம் சுட்டிக் குறித்தல் வேண்டும்.