மூன்று எண்கள் முடக்கிய வலை

உங்கள் கைப்பேசியில் ஒரு வலைச் செயலி திறந்திருக்கிறது. இரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது, இணைப்பு அறுகிறது. உடனே திரையில் ‘இணைப்பு இல்லை’ என்ற வரி தோன்றுகிறது. வெளியே வந்ததும் அது மறைந்துவிடுகிறது. இதற்காக அந்தச் செயலி விநாடிதோறும் “இணைப்பு இருக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மாற்றம் நேர்ந்த கணத்தில் உலாவியே அதைத் தட்டி எழுப்புகிறது. மாற்றம் நேர்ந்தால் செய்தி அனுப்புவது என்னும் இந்த முறை ஒரு பெரிய கணிப்பொறி வலைக்கு 1979-இல் வந்தது. மறு ஆண்டே அந்த வலை முழுவதையும் அது முடக்கிப்போட்டது. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய ‘அர்பாநெட்’ இன்றைய இணையத்தின் முன்னோடி என்பதை வாசகர்கள் அறிவீர்கள். அதில் ஒவ்வோர் இடத்திலும் ‘இம்ப்’ என்ற சிறு கணிப்பொறி ஒன்று இருந்தது. எந்தச் செய்தி எந்தத் தடத்தில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது இதன் வேலை. தொடக்கத்தில் இம்ப்கள் தத்தம் தட அட்டவணையை அண்டையிலுள்ள இம்ப்களுக்கு ஓயாமல் அனுப்பிவந்தன. மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விநாடிக்கு ஒரு முறைக்கும் மேலாக இது நடந்தது. தடம் அறுந்துபோன பின்னும் ஒன்று சொன்னதை மற்றொன்று நம்பி, அது சொன்னதை முதலாவது மறுபடி நம்பி, செய்திகள் வட்டமிட்டுக்கொண்டிருந்ததும் உண்டு. ஊரில் கிளம்பிய வதந்தி சுற்றி வந்து, கிளப்பியவரையே நம்ப வைப்பதில்லையா, அதுபோலத்தான்!

ஆகவே, வலையைப் பராமரித்த பிபிஎன் நிறுவனத்தின் மெக்குவிலன், ரிச்சர், ரோசன் ஆகியோர் 1979-இல் புதிய முறையைப் புகுத்தினர். இதன்படி ஒவ்வோர் இம்ப்பும் தன் சொந்தத் தடங்களின் நிலையை மட்டும் கவனிக்கும். குறிப்பிடத்தக்க மாற்றம் தெரிந்தால் ஒரு சிறு அறிவிப்பை வெளியிடும். மாற்றமே இல்லாவிடினும் நிமிடத்துக்கு ஓர் அறிவிப்பாவது வரும். பெறுகிற இம்ப் அதைக் குறித்துக்கொண்டு, தன் அண்டைகள் அனைத்துக்கும் பரப்பும். வலையெங்கும் செய்தி விரைவில் போய்ச் சேரும்.

ஒரே அறிவிப்பு பல வழிகளில் வருமே, புதியது எது, பழையது எது? அதற்காக ஒவ்வொன்றும் வரிசை எண் பெற்றது. எண்ணுக்கு ஒதுக்கிய இடம் ஆறு பிட். அதாவது 0 முதல் 63 வரை. 63-க்குப் பின் மறுபடியும் 0. கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பின் ஒன்று வருவதுபோல இது ஒரு வட்டம். வட்டத்தில் எது முந்தியது, எது பிந்தியது? அரை வட்டத்துக்குள், அதாவது 32 எண்களுக்குள், முன்னே இருப்பதே புதியது என்று விதி செய்துகொண்டனர். பழைய செய்தி அவ்வளவு நேரம் வலையில் தங்காது என்பது அவர்கள் கணக்கு. நியாயமான கணக்குத்தான்.

1980 அக்டோபர் 27 அன்று வலை செயலற்றது. பழுதாகித் தனியே நின்ற இம்ப்பை மீண்டும் இயக்கினால் நிலைமை சீராகும் என்பது அதுவரை கண்ட அனுபவம். இம்முறை அது பயனளிக்கவில்லை. மீண்டும் இயங்கிய இம்ப்பும் அண்டையிலிருந்து அதே நோயைப் பெற்றுக்கொண்டது. நினைவகத்தை ஆராய்ந்தபோது 50-ஆம் எண் இம்ப் பிறப்பித்த அறிவிப்புகளே எங்கும் குவிந்து கிடந்தன. அவற்றின் வரிசை எண்கள் மூன்றே: 8, 40, 44.

இந்த எண்களை இரும எண்களாக எழுதிப் பாருங்கள். 44 என்பது 101100. அதில் ஒரு பிட் உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொன்றும் உதிர்ந்தால் 001000, அதாவது 8. ஏதோ ஓர் இம்ப்பின் நினைவகம் பிட்டுகளை உதிர்த்திருக்கிறது. தடத்தில் நேரும் பிழைகளுக்கான சோதனை, பெட்டிக்குள்ளேயே நேர்ந்த இந்தப் பிழையைப் பிடிக்கவில்லை.

இப்போது விதியைப் பொருத்துவோம். 8-லிருந்து 40 சரியாக 32 தள்ளி இருக்கிறது. ஆகவே 40 புதியது. 40-ஐவிட 44 புதியது. 44-லிருந்து வட்டத்தைச் சுற்றி 8-க்குப் போக 28 எண்கள்தாம். ஆகவே 44-ஐவிட 8 புதியது! மூன்றில் எது வந்தாலும் கையிலுள்ளதைவிடப் புதியதாகவே தோன்றும். ஏற்றுக்கொள், பரப்பு, அடுத்தது வரும், அதையும் ஏற்றுக்கொள். தட அறிவிப்புகளுக்கு முதலுரிமை தரப்பட்டிருந்ததால் மற்ற வேலைகளுக்கு நேரமே கிடைக்கவில்லை. பழைய அறிவிப்பை வயது கண்டு ஒதுக்கும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் ஓர் இம்ப்பில் சில விநாடிகளாவது தங்கினால்தான் வயது கூடும். இவையோ எங்கும் தங்காமல் ஓடிக்கொண்டிருந்தன. சாகாவரம் பெற்ற செய்திகள்!

50-ஆம் இம்ப்பின் அறிவிப்புகளைப் புறக்கணிக்குமாறு எல்லா இம்ப்களின் நிரலையும் திருத்திய பிறகே வலை மீண்டது. அதற்குள் பல மணி நேரம் கழிந்துவிட்டது. ரோசன் 1981-இல் எழுதிய அறிக்கை இவற்றையெல்லாம் ஒளிவுமறைவின்றி விவரிக்கிறது. பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது அது என்பேன்.

பின்னர் ‘ஓஎஸ்பிஎஃப்’ என்ற தட நெறிமுறை வந்தது. அதன் 1991-ஆம் ஆண்டுப் பதிப்பில் வரிசை எண் வட்டமாக இல்லை. 32 பிட் அளவுள்ள நேர்கோடு. அறிவிப்பைப் பிறப்பித்த இடத்திலேயே பிழைசோதனை எண் இடப்பட்டு, அது கடைசிவரை கூடவே பயணம் செய்யும். மாற்றம் நேராவிட்டாலும் அரை மணிக்கு ஒரு முறை அறிவிப்பு புதுப்பிக்கப்படும்.

உங்கள் கைப்பேசி உலாவி தருகிற ‘ஆன்லைன்’ நிகழ்வுக்கும் இத்தகைய எல்லை உண்டு. கருவி ஏதோ ஒரு வலையுடன் இணைந்துள்ளது என்பதை மட்டுமே அது கூறும். அதற்கு அப்பால் இணையம் உண்டா என்பது அதற்குத் தெரியாது. எனவே கவனமாக எழுதப்பட்ட செயலி, அந்த நிகழ்வு வந்தவுடன் தன் வழங்கிக் கணிப்பொறிக்கு ஒரு சிறு கேள்வியை அனுப்பி, பதில் வந்த பிறகே ‘இணைப்பு இல்லை’ என்ற வரியை அழிக்கிறது.